கார்வை ஏன் நடுங்குகிறது

மயிலாப்பூரில் ஒரு சபா. மார்கழி சீசனில் இளையவர்களுக்கு ஒதுக்கும் பன்னிரண்டு மணிக் கச்சேரி. அரங்கில் நாற்பது பேர் இருந்திருப்போம். நான்காவது வரிசையின் ஓரத்தில் நான். மேடையில் என் அக்கா மகள். பத்தொன்பது வயது. ஒரு மணி நேரம் முழுதாக அவளுக்கே கொடுக்கப்பட்ட முதல் மேடை அது. வெந்நீர் பிளாஸ்க்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள். சுருதிப் பெட்டியை ஒருமுறை அணைத்து மீண்டும் போட்டாள். மிருதங்கக்காரர் வலந்தலையைத் தட்டிப் பார்த்துத் தலையசைத்ததும், கண்ணை மூடி ஸட்ஜம் பிடித்தாள்.

சுருதி சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஸட்ஜம் நேர்கோடாக வரவில்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போடும்போது கை உதறினால் கோடு எப்படிச் சிற்றலையாகப் போகுமோ, அப்படி வந்தது. வேண்டுமென்று கொடுக்கும் கமகம் இல்லை அது. தொடையில் தாளம் போடத் தயாராக இருந்த வலது கையின் விரல் நுனிகளிலும் அதே சிற்றலை. உடனே மோகன வர்ணத்தை எடுத்தாள், வீட்டில் பாடுவதைவிடச் சற்று வேகமாக.

இருபது ஆண்டுகளாக மருத்துவ மாணவர்களுக்கு உடலியல் பாடம் நடத்துகிறேன். அட்ரினலின் என்ன செய்யும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்று அதைக் காதால் கேட்டேன்.

மேடை பயத்தை மனம் சம்பந்தப்பட்டது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். தன்னம்பிக்கை போதவில்லை, சாதகம் போதவில்லை, கூச்ச சுபாவம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். இந்தப் பேச்சு எனக்கு வருத்தம் தருகிறது. நன்றாகச் சாதகம் செய்த பிள்ளைக்கும் குரல் நடுங்கும். ஏனென்றால் நடுங்குவது உடல். அதுவும் ஒழுங்காக, தன் கடமையைச் செய்கிற உடல்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன் இதை எளிய சோதனை ஒன்றில் காட்டினார். ஆபத்து வந்தால் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று இன்று பள்ளிப் பாடத்திலேயே வரும் கருத்தை, 1915இல் வெளிவந்த தன் நூலில் விரித்துச் சொன்னவர் அவர். ஹார்வர்டின் அமெரிக்கக் கால்பந்து அணி அந்தப் பருவத்தின் கடைசிப் பெரிய ஆட்டத்தை ஆடி முடித்ததும், 25 வீரர்களின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேருடையதில் சர்க்கரை இருந்தது. நீரிழிவு இல்லாத, திடகாத்திரமான இளைஞர்கள். தசைக்கு எரிபொருள் வேண்டும் என்று அட்ரினலின் கேட்க, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் அள்ளிக் கொட்டியிருக்கிறது. மிஞ்சியது சிறுநீரில் இறங்கியிருக்கிறது. ஆடியவர்களுக்கு அப்படி ஆனதில் வியப்பில்லை. அந்த 12 பேரில் 5 பேர் மாற்று ஆட்டக்காரர்கள் என்பதுதான் வியப்பு. அவர்கள் மைதானத்தில் இறங்கவே இல்லை. தன்னைக் கூப்பிடுவார்களோ என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்ததற்கே அவர்கள் உடல் போருக்குக் கிளம்பிவிட்டது.

திரை விலகுவதற்காகப் பக்கவாட்டில் காத்து நிற்கும் பாடகியின் நிலையும் இதுதான். வள்ளுவர் அவை அறிதலுக்கு ஓர் அதிகாரம் எழுதி, அடுத்ததாக அவை அஞ்சாமைக்குத் தனியாக இன்னொன்று வைத்தார். பகைவர் நடுவே சாகத் துணிபவர்கள் நிறையப் பேர், அவை நடுவே அஞ்சாதவர்கள் சிலரே என்று அதில் ஒரு குறள் சொல்கிறது. உடலியல் படித்த பிறகு அந்தக் குறளை உயர்வு நவிற்சியாக என்னால் வாசிக்க முடியவில்லை. வாளைப் பார்த்தாலும் நாற்பது ஜோடிக் கண்களைப் பார்த்தாலும் மூளை அடிக்கும் மணி ஒன்றுதான். ஒரே வேறுபாடு, போர்க்களத்தில் அந்தப் பதற்றத்தை ஓடியோ வெட்டியோ செலவழித்துவிடலாம். மேடையில் சம்மணமிட்டு அசையாமல் உட்கார வேண்டும்.

மணி அடித்ததும் என்னென்ன நடக்கிறது? சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமெடுக்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் பெரிய தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. விரல் சில்லிடுவதும் வயிற்றைப் பிசைவதும் அதனால்தான். எச்சில் குறைந்து கெட்டியாகிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மூச்சு வயிற்றிலிருந்து நெஞ்சின் மேற்பகுதிக்கு ஏறிக் குட்டையாகிறது.

இவை பேச்சாளருக்கும் உண்டு, பரதம் ஆடுபவருக்கும் உண்டு. ஆனால் பாடுபவரிடம் இவை வந்து இறங்கும் இடம் வேறு. நம் சங்கீத உலகில் குரலைச் சாரீரம் என்கிறோம். சரீரத்திலிருந்து பிறந்த சொல் அது. வயலின் வாசிப்பவரின் கை வியர்த்தாலும் வயலினுக்கு வியர்ப்பதில்லை. பாடகருக்கு வாத்தியமும் வாசிப்பவரும் ஒரே உடல். ஒன்று பயந்தால் இன்னொன்று தனியே நிற்க முடியாது.

குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்களும் பெண்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். ஆண்களுக்குச் சற்று அதிகம். கீழிருந்து வரும் மூச்சு அவற்றைத் தள்ளித் திறக்கிறது, அவை மீண்டும் சேர்கின்றன. என் அக்கா மகளுக்குச் சுருதி ஐந்து கட்டை. அவள் ஆதார ஸட்ஜத்தைப் பிடித்தால் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 196 முறை சேர்ந்து பிரிகின்றன. மேல் ஸட்ஜத்தைத் தொட்டால் 392 முறை. இந்த எண் மயிரிழை பிசகாமல் நிற்பதைத்தான் நாம் கார்வை என்று ரசிக்கிறோம். அதற்கு நாண்களை இழுத்துப் பிடிக்கும் சிறு தசைகளின் விறைப்பும், கீழிருந்து வரும் காற்றின் அழுத்தமும் ஒரே சீராக இருக்க வேண்டும்.

கையை முன்னால் நீட்டி விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். அமைதியாக இருக்கும்போதும் தாளின் ஓரம் மெல்லத் துடிக்கும். நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை வரை துடிக்கும் இந்த இயல்பான நடுக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அட்ரினலின் தசையிலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு இதைப் பெரிதாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது தெரியத் தொடங்குகிறது. மூச்சைப் பிடித்துவைக்கும் விலா எலும்புத் தசைகளும் நடுங்கினால் காற்றின் அழுத்தமும் அதே போக்கில் ஏறி இறங்கும். பிருகா உதிரும்போது குரல் எப்படியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுக்கம் அதில் ஒளிந்துகொள்ளும். கார்வையில் ஒளிய இடமில்லை. பயந்தவர்கள் காலப்பிரமாணத்தை ஓட்டிவிடுவதற்கு வேகமாகத் துடிக்கும் இதயத்தைக் காரணமாகச் சொல்வார்கள். நின்று பாடினால் மாட்டிக்கொள்வோம் என்று தொண்டைக்குத் தெரிந்திருப்பதும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

எட்டாம் வகுப்பில் மாவட்ட அளவிலான ஒரு பாட்டுப் போட்டியில் நான் மேல் ஸட்ஜத்தில் உடைந்தேன். உடைந்தேன் என்ற சொல்தான் சரி. குரல் இரண்டாகப் பிளந்து, பாதி ஸ்தாயி இறங்கி, காற்றாகிப் போனது. பாட்டி கொடுத்த பனங்கற்கண்டும் மிளகும் வாயில் கரைந்துகொண்டிருந்தன. பாட்டியின் அன்பில் குறை இல்லை. ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாண்களைத் தொடுவதில்லை என்று பிற்காலத்தில்தான் படித்தேன். விழுங்கும் கணத்தில் குரல்வளை மூடிக்கொள்கிறது. தேனும் இஞ்சிச் சாறும் வெந்நீரும் அதன் பின்னாலிருக்கும் உணவுக் குழாயில் இறங்கிவிடுகின்றன. தொட்டால் புரையேறிவிடும். நாண்களின் மேலிருக்கும் ஈரப்படலம், சில மணி நேரம் முன்பிருந்தே குடித்த தண்ணீர் ரத்தத்தின் வழியாகப் போய்ச் சேர்வதால் நனைகிறது. ஆவி பிடித்தால் அந்த ஈரக்காற்று நேராகவே போகும். கற்கண்டு செய்கிற நன்மை வேறு: எச்சிலை ஊற வைத்து நாக்கை விடுவிக்கிறது. பயத்தில் வறண்ட வாய்க்கு அது சின்ன உதவி இல்லை. மேடையில் பிளாஸ்க்கும் அதற்குத்தான். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், கச்சேரி தொடங்கிய பிறகு பிளாஸ்க்கை நம்புவதால் பயன் குறைவு.

இந்த நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை இருக்கிறது, அதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக், அட்ரினலின் போய் ஒட்டும் இடங்களை மறிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளை 1960களில் உருவாக்கினார். 1988இல் நோபல் பரிசு பெற்றார். இதய நோயாளிகளுக்காக வந்த மருந்து. அதைத் தந்தி வாத்தியக் கலைஞர்கள் 24 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1977இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நடுக்கம் குறைந்தது, வாசிப்பும் மேம்பட்டது. செய்தி பரவியது. பத்தாண்டு கழித்து அமெரிக்க சிம்பொனி இசைக்குழுக் கலைஞர்கள் 2,212 பேரிடம் நடத்திய கணக்கெடுப்பில் 27 சதவீதம் பேர் இந்த வகை மருந்தை எடுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

பாடகர்களிடம் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 1985இல் வெளியான ஓர் ஆய்வில் சங்கீத மாணவர்கள் 34 பேருக்கு இந்த வகை மருந்து ஒன்றை வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பாட வைத்தார்கள். மிகக் குறைந்த அளவில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. அளவு கூடியபோது பாட்டின் தரம் குறையும் போக்கே தெரிந்தது. ஆய்வாளர்கள் சொன்னது இவ்வளவுதான். என் ஊகம், வில் பிடிக்கும் கைக்குத் தேவை அமைதி மட்டும். பாட்டுக்கோ உடல் முழுக்க ஓடும் உயிர்ப்பு வேண்டும், அதையும் சேர்த்து அணைத்தால் குரல் வெளிறிப் போகும். ஒன்று மட்டும் ஊகம் இல்லை: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை மூச்சுக் குழலைச் சுருக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். தோழி கொடுத்தாள், நெட்டில் படித்தேன் என்று மருத்துவரைக் கேட்காமல் யாரும் இதை வாயில் போடக் கூடாது.

நடுக்கத்தைவிடப் பாடகர்கள் அதிகம் அஞ்சுவது மறதியை. 1967 ஜூன் 17 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பாடினார். இலவச நிகழ்ச்சி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் புல்வெளியில் கூடியிருந்தார்கள். அவருக்கு 25 வயது. நடுவில் பாட்டின் வரிகள் மறந்துபோயின. கூட்டம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எடுத்துக்கொண்டார். இடையில் சில மேடைகளில் பாடினாரே தவிர, பெரிய பொதுக் கச்சேரிகளுக்குத் திரும்ப அவருக்கு ஏறத்தாழ 27 ஆண்டுகள் ஆயின. 1993 முடிந்து 1994 பிறக்கும் இரவில் லாஸ் வேகாஸில் மீண்டும் பாடியபோது, வரிகளை ஓடவிடும் திரைகளைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அன்று பூங்காவில் அவர் ரத்தத்தில் என்ன ஓடியது என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று நடக்கக்கூடியதற்கான வழியை இப்போது ஓரளவு அறிவோம்.

அட்ரினலினுக்குப் பின்னால் மெதுவாகக் கிளம்பும் இன்னொரு சுரப்பு கார்டிசால். அது உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் ஆகும். சுவிஸ் ஆய்வாளர் டொமினிக் டி குவெர்வென் குழுவினர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், முந்தின நாள் மனப்பாடம் செய்த சொற்களை ஒப்பிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிலருக்குக் கார்டிசோன் மாத்திரை கொடுத்தார்கள். சொற்கள் நினைவுக்கு வருவது குறைந்தது. படித்தது அழியவில்லை, அலமாரி பூட்டிக்கொண்டது. மேடையை விட்டு இறங்கியதும் மறந்த வரி பளிச்சென்று நினைவுக்கு வருவது பாடுகிற எல்லோருக்கும் தெரிந்த கொடுமை. நேற்றும் முந்தாநாளும் படித்தவைதான் இப்படி முதலில் பூட்டிக்கொள்கின்றன. பத்து வருடமாக வாயில் புரண்டவை அவ்வளவு எளிதில் பூட்டிக்கொள்வதில்லை. சைக்கிள் ஓட்டுவதைப் போல அவை உடலின் பழக்கமாகவே ஆகிவிட்டவை.

இந்த இடத்தில் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை நினைத்துக்கொள்கிறேன். இன்று நாம் கேட்கும் கச்சேரிப் பத்ததியை வகுத்துக் கொடுத்த பெருமை பெரும்பாலும் அவருக்கே தரப்படுகிறது. முதலில் வர்ணம், பிறகு சின்னச் சின்னக் கிருதிகள், நடுவில் பிரதான உருப்படியும் தனி ஆவர்த்தனமும், கடைசியில் துக்கடாக்கள். வர்ணத்தை முதலில் வைப்பதற்குக் குரல் சூடேற வேண்டும் என்று காரணம் சொல்வார்கள், சரிதான். உடலியல்காரியான எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. வர்ணம் பாடகர் பத்துப் பன்னிரண்டு வயதில் கற்றது. மூன்று காலத்திலும் பாடிப் பாடித் தேய்ந்தது. ஸ்வரமும் சாகித்தியமும் இம்மி மாறாமல் கட்டப்பட்டது. புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ரத்தத்தில் கலந்த அட்ரினலின் மேலும் சுரக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். வர்ணம் பாடி முடிக்க ஐந்தாறு நிமிடம். மூளை பூட்டிக்கிடந்தாலும் பாடிவிடக்கூடிய ஓர் உருப்படி, அலை மிக உயரமாக இருக்கும் அந்த ஐந்தாறு நிமிடத்தைத் தாண்ட வைக்கிறது. ஆலாபனையும் நிரவலும் கரை தெரிந்த பிறகு வருகின்றன. இதை நினைத்துத்தான் அவர் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் மேடை ஏறியவரின் உடம்பு கற்ற பாடம் அந்த வரிசைக்குள் இருக்கிறது என்று நம்புகிறேன்.

முதல் உருப்படியாகப் போன வாரம் பாடம் முடித்த கிருதியைப் பாடி ரசிகர்களை அசத்த நினைக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அடுத்தது கவனம். பயம் வந்ததும் பாடுபவர் தன் தொண்டைக்குள் குனிந்து பார்க்கத் தொடங்குகிறார். மூச்சு சரியா, நாக்கு எங்கே இருக்கிறது, இந்தச் சங்கதி விழுமா? படியிறங்கும்போது கால்களைப் பற்றி யோசித்தால் தடுக்கும். அதே கதிதான் இங்கும். காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஒரு குழுவைத் தங்கள் பாதத்தில் கவனம் வைக்கச் சொன்னார். இன்னொரு குழுவைப் பாதத்துக்கு அடியில் இருக்கும் சக்கரங்களில். இரண்டும் சில அங்குல இடைவெளியில்தான் இருந்தன. ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். உடலை விட்டு வெளியே ஓர் இடத்தில் மனத்தை வைத்தால், உடல் தனக்குத் தெரிந்ததைத் தடையில்லாமல் செய்கிறது. பிறகு எத்தனையோ திறமைகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நம் பாடகருக்கு அந்த வெளி இடம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, தம்புரா. சுருதியைக் கேள் என்று குரு ஓயாமல் சொல்வது ஸ்வரம் விலகாமல் இருக்க மட்டும் அல்ல. பயந்த மனத்துக்குப் போய் உட்கார ஓர் இடம் வேண்டும். மிருதங்கத்தின் நடையைக் கேட்பதும், வயலின் தன் வரியை எப்படித் திருப்பித் தருகிறது என்று கேட்பதும் அப்படித்தான். பக்கவாத்தியக்காரர் ஒரு சங்கதிக்குத் தலையாட்டும்போது பாடகரின் முகம் மலர்வதைப் பாருங்கள். அந்த நொடியில் அவர் தொண்டையை விட்டு வெளியே வந்திருக்கிறார்.

மூச்சைப் பற்றி எல்லோரும் சொல்வதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமெடுக்கும், விடும்போது நிதானமாகும். வேகஸ் நரம்பின் வேலை இது. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். பத்து நிமிடம் இப்படி விட்டால் இதயம் இறங்கி வரும். இதே வேகஸ் நரம்பின் கிளைகள்தான் குரல்வளைத் தசைகளுக்கும் போகின்றன. இடப்பக்கக் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்பி வருகிறது. இந்தப் படத்தை வகுப்பில் வரையும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நீண்ட கார்வைகளை அகாரத்தில் பாடுவதும் நீண்டு விடும் மூச்சுதானே? ஸ்வீடனில் பியோர்ன் விக்ஹாஃப் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றாக நிதானமாகப் பாடியவர்களின் இதயத் துடிப்பு ஒன்றாகவே ஏறி இறங்கியது. மேடைக்கு முன்னால் தனியாக முடங்கிக் கிடப்பதைவிட, தம்புராவோடு மந்திர ஸ்தாயியில் கால் மணி நேரம் மெல்லப் பாடுவது நல்லது. திருவையாற்று ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடும்போது யாருக்கும் கை சில்லிடுவதில்லை.

தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல்லுக்கும் வலு உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கரோக்கி விளையாட்டு இயந்திரத்தின் முன்னால் முன்பின் தெரியாதவர்கள் பார்க்கத் தனியாகப் பாட வேண்டும். மதிப்பெண்ணை இயந்திரமே போடும். பாடுவதற்குச் சற்று முன்னால் சிலர் எனக்குப் பதற்றமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், சிலர் எனக்கு உற்சாகமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், சிலர் எதுவும் சொல்ல வேண்டாம். பதற்றம் என்றவர்களின் சராசரி 53 சதவீதம் அளவில் நின்றது. எதுவும் சொல்லாதவர்கள் 69. உற்சாகம் என்றவர்கள் 80ஐத் தாண்டினார்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அமைதியாக இரு என்று துடிக்கும் இதயத்துக்குச் சொன்னால் அது கேட்காது. துடிப்பை அப்படியே விட்டுவிட்டு அதற்கு வேறு பெயர் வைப்பது எளிது. தமிழில் பரபரப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. தீ விபத்துச் செய்தியிலும் வரும், முகூர்த்தத்துக்கு முந்தின கல்யாண வீட்டுக்கும் பொருந்தும். என் அக்கா மகளிடம் நான் சொல்லி அனுப்பியது அதைத்தான்: இது கல்யாண வீட்டுப் பரபரப்பு.

ஆனால் எந்தச் சொல்லும் எந்த மூச்சும் மேடைக்குப் பதிலாகாது. பயம் குறைய, பயந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய், ஒன்றும் ஆகவில்லை என்று மூளை பார்க்க வேண்டும். அதையும் படிப்படியாக. பழைய வழக்கம் ஒன்று இதைத் தன்னையறியாமல் செய்துவந்தது. நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனால் சுண்டல் கைக்கு வருமுன்னே, எங்கே ஒரு பாட்டுப் பாடு என்பார்கள். பாவாடையைத் திருகிக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை நான்கு மாமிகளுக்கு முன்னால் பாடும். நடுவில் மறந்துவிடும். மாமிகள் எடுத்துக் கொடுப்பார்கள். சுண்டலும் வெற்றிலை பாக்கும் எப்படியும் கிடைக்கும். மறுநாள் அடுத்த வீடு. ஒன்பது நாளில் எத்தனை மேடை! மறந்தாலும் உலகம் இடியாது என்பதை அந்தப் பிள்ளையின் மூளை சுண்டலோடு சேர்த்துக் கற்றது. இன்று பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருபது தடவை பதிவு செய்து, பிசிறில்லாத ஒன்றை மட்டும் அனுப்புகிறார்கள். பிசகோடு சேர்ந்து ஒரு கூட்டத்தின் முன் இருந்து பழகும் வாய்ப்பு அதில் இல்லை. ஒரே டேக்கில், பக்கத்து வீட்டார் நான்கு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, புடவை கட்டி, மைக் வைத்துப் பாடிப் பாருங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

இதையெல்லாம் தாண்டி, மேடைக்குப் பல நாள் முன்பிருந்தே சாப்பிட முடியாமல், தூங்க முடியாமல், கிடைத்த வாய்ப்புகளைப் பொய் சொல்லித் தட்டிக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனநல மருத்துவரும் உளவியல் சிகிச்சையும் உண்மையாகவே உதவும். தொண்டை கட்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறோம். இதற்குப் போவதிலும் வெட்கம் இல்லை.

பயந்தவர் நம்பும் ஒரு பொய்யும் இருக்கிறது: என் நடுக்கம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்பது. உள்ளே இதயம் மேளம் கொட்டுவதால் வெளியிலும் கேட்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003இல் மாணவர்களைப் பேச வைத்து இதைச் சோதித்தார்கள். உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரிவதில்லை என்று முன்கூட்டியே விளக்கப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள்.

அன்று வர்ணத்தின் சிட்டைஸ்வரம் தாண்டும்போதே அவள் விரல்கள் நின்றிருந்தன. மூன்றாவது உருப்படிக்கு முன்னால் காம்போதி பாடினாள். மேல் ஸட்ஜத்தில் நின்றபோது கோடு நேராக இருந்தது. ஒரு மணிக்குக் கச்சேரி முடிந்து, கேன்டீனில் இடம் பிடித்து உட்கார்ந்தோம்.

"சித்தி, ஆரம்பத்துல நடுங்கினது எல்லாருக்கும் கேட்டுச்சா?"

"எனக்குக் கேட்டுச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

நான் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கை கழுவிவிட்டு எங்கள் மேசைப் பக்கம் வந்தார். நாற்பது வருடமாகச் சீசன் தவறாமல் கேட்பவராம். காம்போதி நன்றாக இருந்தது என்றார். அவள் எழுந்து நின்று வணங்கினாள்.

"வர்ணத்தை மட்டும் கொஞ்சம் ஓட்டிட்டேம்மா. அது இன்னும் உக்காந்து வரணும்."

"குரல் நடுங்கிச்சா மாமா?" என்று கேட்டேவிட்டாள்.

"நடுங்கிச்சா? எந்த இடத்துல?" என்று அவர் நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையசைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணிக் கச்சேரிக்கு உள்ளே போனார்.

அவள் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி சற்று நேரம் சும்மா இருந்தாள். அடுத்த கச்சேரி தை மாதம், ஒரு கோயில் பிராகாரத்தில். டம்ளரை நகர்த்திவிட்டு மேசையின் மேல் ஆதி தாளம் போட்டு, உதட்டுக்குள்ளேயே வர்ணத்தின் பல்லவியை எடுத்தாள். பாதியில் நிறுத்தினாள். முன்னைவிட ஒரு நூல் நிதானமாக, முதலிலிருந்து மறுபடி போட்டாள்.